வேகாத ஷேல், வெந்த ஷேல், கருகிய ஷேல்: பூமிக்கடியில் வாயு உருவாகும் கணக்கு

உலகிலேயே அதிக ஷேல் எரிவாயு (ஷேல் என்ற களிமண் பாறைக்குள் சிக்கியிருக்கும் வாயு) சீனாவில்தான் இருக்கிறது என்று 2013-ல் அமெரிக்க எரிசக்தித் தகவல் முகமை பட்டியல் போட்டது. வெளியே எடுக்கக்கூடிய அளவு மட்டும் 1,115 டிரில்லியன் கன அடி. அதற்கு முந்தைய ஆண்டே சீன அரசு, 2020-ல் ஆண்டுக்கு 6,000 கோடி முதல் 10,000 கோடி கன மீட்டர் வரை எடுத்துவிடுவோம் என்று அறிவித்திருந்தது. 2014-ல் அந்த இலக்கு 3,000 கோடியாகச் சுருங்கியது. 2020 வந்தபோது கைக்குக் கிடைத்தது சுமார் 2,000 கோடி. அதிலும் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே ஒரு பாறை அடுக்கிலிருந்து, சிச்சுவான் படுகையின் (மண் அடுக்கடுக்காகப் படிந்து நிரம்பிய பெரும் பள்ளம்) லோங்மாஷி ஷேலிலிருந்து வந்தது.

அதே படுகையில், லோங்மாஷிக்குக் கீழே, இன்னும் பழைய கரும் ஷேல் ஒன்று கிடக்கிறது. பெயர் சியோங்ஜுசி. அதுவும் கருப்புதான், அதிலும் கரிமப்பொருள் நிறைய, தடிமனுக்கும் குறைவில்லை. ஆனால் அதில் ஆரம்பத்தில் தோண்டிய பல கிணறுகள் ஏமாற்றின. சிலவற்றில் மீத்தேனோடு நைட்ரஜனும் பெரிய பங்காக வந்தது.

இலக்கு சரிந்ததற்கு மலைப்பாங்கான நிலம், ஆழம், தண்ணீர் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் இந்த இரண்டு அடுக்குகளுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். நிலவியலாளர்கள் அதை வெப்ப முதிர்ச்சி என்கிறார்கள். வீட்டுப் பேச்சில் சொன்னால் வேக்காடு.

அடிப்படை: பாறைக்குள் என்ன வேகிறது?

ஷேல் என்பது மிக நுண்ணிய களிமண் துகள்கள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறை. ஆக்சிஜன் இல்லாத கடலடியில் அது படிந்திருந்தால், மேலிருந்து விழுந்த பாசியும் நுண்ணுயிர்களும் முழுசாக அழுகிப் போகாமல் சேற்றோடு புதைந்துவிடும். கரும் ஷேலின் கருப்பு அங்கிருந்து வருவதுதான்.

புதைந்த இந்தச் சத்து காலப்போக்கில் கெரோஜன் என்ற திடப்பொருளாக மாறுகிறது. எந்தக் கரிமக் கரைப்பானிலும் கரையாத, பெரிய பெரிய மூலக்கூறுகள் சிக்குண்ட பிசின் மாதிரியான பொருள். ஏரிப் பாசியிலிருந்து வருவது முதல் வகை, கடல் மிதவை உயிர்களிலிருந்து வருவது இரண்டாம் வகை, நிலத்து மரம் செடிகளிலிருந்து வருவது மூன்றாம் வகை. முதல் இரண்டில் ஹைட்ரஜன் அதிகம், அதனால் எண்ணெயும் தரும், வாயுவும் தரும். மூன்றாவது பெரும்பாலும் வாயுதான் தரும்.

கெரோஜன் தானாக எதுவும் தராது. சூடு வேண்டும். படுகை அமிழ அமிழ, மேலே புதிது புதிதாக மண் சேரச் சேர, பாறை ஆழத்துக்குப் போகிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரியாக 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் கூடும். தரைமட்டத்தில் 25 டிகிரி, கிலோமீட்டருக்கு 30 டிகிரி என்று வைத்தால், 4 கிலோமீட்டர் ஆழத்தில் 145 டிகிரி.

பாகு காய்ச்சுவதைப் போலத்தான்

வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அடுப்பில் அதே வெல்லம், அதே பாத்திரம். கொஞ்ச நேரத்தில் கம்பிப் பதம், அப்புறம் உருட்டுப் பதம், கவனிக்காமல் விட்டால் கருகல். கருகியதைத் திரும்ப வெல்லமாக்க முடியாது. கெரோஜனுக்கும் இப்படிப் பதங்கள் உண்டு. அதை அளக்கும் அலகு, விட்ரினைட் என்ற துகள் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்ற சதவீதம் (அது எப்படி என்பது பின்னால் வருகிறது).

1. 0.5 - 0.6%-க்குக் கீழே: வேகாத நிலை. கெரோஜன் கெரோஜனாகவே இருக்கிறது.
2. சுமார் 0.6 முதல் 1.1 - 1.3% வரை: எண்ணெய்ப் பதம். வெப்பநிலை தோராயமாக 60-லிருந்து 120 டிகிரிக்குச் சற்று மேல் வரை.
3. 1.3 முதல் 2% வரை: ஈர வாயு. மீத்தேனோடு ஈத்தேன், புரொப்பேன், லேசான திரவங்களும் கலந்து வரும்.
4. 2%-க்கு மேல்: உலர் வாயு. கிட்டத்தட்ட மீத்தேன் மட்டும்.
5. 3.5%-ஐத் தாண்டினால்: கருகல். கெரோஜன் கிராஃபைட் பக்கம் போக ஆரம்பிக்கிறது.

எல்லைகள் கத்தியால் வெட்டியது போல இருக்காது, கெரோஜன் வகையைப் பொறுத்து முன்னே பின்னே நகரும்.

இதில் பலர் தவறவிடுவது ஒன்று. ஷேல் வாயுவில் பெரிய பங்கு கெரோஜனிலிருந்து நேரடியாக வந்தது அல்ல. முதலில் எண்ணெய் உருவாகி, அதில் ஒரு பகுதி வெளியேற முடியாமல் பாறைக்குள்ளேயே சிக்கி, சூடு 150 டிகிரியைத் தாண்டியதும் அந்த எண்ணெயே உடைந்து வாயுவாகிறது. லோங்மாஷி வாயு பெரும்பாலும் இப்படிச் சிக்கிய எண்ணெய் உடைந்து வந்தது என்றுதான் கணிக்கிறார்கள். எண்ணெயும் வாயுவும் வெளியேறிய இடத்தில் கரிமப்பொருளுக்குள் நானோமீட்டர் அளவில் பொந்துகள் விழுகின்றன. டெக்சாஸின் பார்னெட் ஷேலில் 2009 வாக்கில் இவற்றை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தெளிவாகப் படம் பிடித்தார்கள். வாயு தங்குவதற்கான அறைகள் இவைதான். ஆக வேக்காடு வாயுவைத் தயாரிப்பதோடு நிற்பதில்லை, அது தங்க வீட்டையும் கட்டிக் கொடுக்கிறது.

சூடு மட்டும் போதாது, நேரமும் வேண்டும்

1971-ல் லோபாட்டின் என்ற ரஷ்ய நிலவியலாளர் ஒரு எளிய விதியை முன்வைத்தார்: வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வினையின் வேகம் இரட்டிப்பாகும். 100 டிகிரியில் 2 கோடி ஆண்டு கிடந்த பாறையும், 110 டிகிரியில் 1 கோடி ஆண்டு கிடந்த பாறையும், 120 டிகிரியில் 50 லட்சம் ஆண்டு கிடந்த பாறையும் இந்தக் கணக்கில் ஒரே வேக்காடு. இன்று இந்த விதியை அப்படியே யாரும் பயன்படுத்துவதில்லை, 1990-க்குப் பிறகு வினைவேகச் சமன்பாடுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. மனதில் பிடித்துக்கொள்ள மட்டும் லோபாட்டின் போதும்.

பாறை மறுபடி மேலே தூக்கப்பட்டால் வேகுவது நின்றுவிடும், ஆனால் எட்டிய பதம் பதிவாகி நிற்கும். அதனால் இன்று ஒரு ஷேல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை வைத்து அதன் பதத்தைச் சொல்ல முடியாது. சிச்சுவானின் ஃபூலிங் எரிவாயு வயலில் லோங்மாஷி இன்று சுமார் 2,400 மீட்டரில் இருக்கிறது, ஒரு காலத்தில் அது 6 கிலோமீட்டருக்கும் கீழே புதைந்திருந்தது. வேக்காடு அந்த ஆழத்தில் நடந்தது.

வெப்பமானி எது? ஒரு மரத்துணுக்கு

சரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பாறை எவ்வளவு சூடானது என்று எப்படித் தெரியும்? இந்த வித்தை நிலக்கரி ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி மங்கலாக, மண் போல இருக்கும். நன்றாக வெந்த ஆந்த்ரசைட் நிலக்கரி கண்ணாடி போல மினுங்கும். மரத்தின் செல்சுவர்ப் பொருள் சூடாகச் சூடாக அதன் கார்பன் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கிக்கொள்வதால் வரும் மினுக்கம் அது.

ஷேலுக்குள்ளும் இப்படிப்பட்ட மரத்துணுக்குகள் கிடக்கும். அவைதான் விட்ரினைட். பாறைத் துண்டைப் பளபளவென்று தேய்த்து, எண்ணெய்த் துளி வைத்து, நுண்ணோக்கியில் 546 நானோமீட்டர் பச்சை ஒளியைப் பாய்ச்சி, எத்தனை சதவீதம் திரும்பி வருகிறது என்று துகள் துகளாக அளப்பார்கள். ஒரு மாதிரியில் 50 துகளாவது அளந்து சராசரி எடுத்தால்தான் நம்பலாம். பார்னெட், மார்சல்லஸ் போன்ற அமெரிக்க ஷேல்களில் எந்த இடம் எண்ணெய்க்கு, எந்த இடம் வாயுவுக்கு என்று கோடு போட்டதில் இந்த அளவுக்குப் பெரிய பங்கு உண்டு.

மரமே இல்லாத காலத்துப் பாறையை என்ன செய்வது?

சிக்கல் இங்கேதான். மரம் மாதிரியான செடிகள் நிலத்தில் பரவியது டெவோனியன் காலத்தில், அதாவது சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு இந்தப் பக்கம்தான். லோங்மாஷி சுமார் 44 கோடி ஆண்டு பழையது. சியோங்ஜுசி சுமார் 52 கோடி, அதாவது கேம்பிரியன் காலம். ஸ்வீடனின் ஆலம் ஷேல் கேம்பிரியன் - ஆர்டோவிசியன் காலம். போலந்தின் ஷேல்கள் ஆர்டோவிசியன் - சிலூரியன். எல்லாமே டெவோனியனுக்கு முந்தைய காலங்கள். இவற்றில் விட்ரினைட் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தப் பாறைகளுக்கு 'விட்ரினைட் பிரதிபலிப்பு 2.5%' என்று ஓர் அறிக்கையில் பார்த்தால், அது வேறு எதையோ அளந்து மாற்றிப் போட்ட எண். அந்த வேறு எது என்பதைப் பொறுத்துத்தான் நம்பகத்தன்மை.

*திட பிட்டுமன்.* எண்ணெய் உருவானபின் பாறை இடுக்கில் உறைந்து நின்ற தார் போன்ற மிச்சம். இதையும் அதே நுண்ணோக்கியில் அளக்கலாம். ஜேக்கப் என்பவர் 1989-ல் கொடுத்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: பிட்டுமன் அளவை 0.618-ஆல் பெருக்கி 0.40 கூட்டினால் விட்ரினைட்டுக்குச் சமமான எண் கிடைக்கும். பிட்டுமன் 2.6% காட்டினால் சமஅளவு சுமார் 2.0%. பிரச்சினை என்னவென்றால் பிட்டுமன் ஒரே தலைமுறை அல்ல. ஆரம்பத்தில் வந்தது, பின்னால் வந்தது, எங்கிருந்தோ நகர்ந்து வந்தது எல்லாம் ஒரே துண்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எதை அளந்தார்கள்?

*கிராப்டோலைட்.* பழங்காலக் கடலில் கூட்டமாக மிதந்த சிறு உயிரிகள். அவற்றின் கூடு கரும் ஷேலின் அடுக்குகளில் ரம்பப்பல் போலத் தட்டையாகப் பதிந்திருக்கும். லோங்மாஷியிலும் போலந்திலும் இது ஏராளம். ஆனால் கிராப்டோலைட் எந்தத் திசையில் வெட்டுகிறோமோ அதற்கேற்ப வேறு வேறு பிரதிபலிப்பு காட்டும். பதம் ஏற ஏற இந்த வித்தியாசம் பெரிதாகிறது. அடுக்குக்கு இணையாக வெட்டி அளந்ததா, குறுக்காக வெட்டி அளந்ததா என்று சொல்லாத எண்ணுக்கு அதிக மதிப்பு கொடுக்க வேண்டாம்.

*கோனோடான்ட்.* விலாங்கு போன்ற ஒரு சிறு கடல் பிராணியின் பல் போன்ற உறுப்புகள். கால்சியம் பாஸ்பேட்டால் ஆனவை. சூடாக்கினால் வெளிர் மஞ்சளிலிருந்து பழுப்பாகி, கடைசியில் கருப்பாகும். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் அனிதா எப்ஸ்டீனும் சக ஆய்வாளர்களும் 1977-ல் இதை 1 முதல் 5 வரையிலான நிற அளவுகோலாக்கினார்கள். கையில் பிடித்துக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய வெப்பமானி! ஒரே குறை, இவை சுலபமாகக் கிடைப்பது சுண்ணாம்புக்கல்லில். ஷேலின் பக்கத்து அடுக்கிலிருந்து எடுத்து, இதுவும் அதே சூட்டைத்தான் பார்த்திருக்கும் என்று கொள்ள வேண்டும்.

இன்னொரு வழி, பாறைப் பொடியை ஆய்வகத்தில் படிப்படியாகச் சூடாக்குவது. நிமிடத்துக்கு 25 டிகிரி ஏற்றிக்கொண்டே போனால், மிச்சமுள்ள கெரோஜன் உடைந்து ஓர் உச்சம் காட்டும். அந்த உச்சம் 435 டிகிரிக்கு அருகில் வந்தால் எண்ணெய்ப் பதத்தின் ஆரம்பம், 470-க்கு அருகில் வந்தால் வாயுப் பதம். மலிவான, வேகமான முறை. ஆனால் லோங்மாஷி போல ஏற்கெனவே நன்றாக வெந்துவிட்ட பாறையில் அந்த உச்சமே எழும்பாது. உடைய மிச்சம் எதுவும் இல்லை. கருவி அப்போதும் ஏதோ ஓர் எண்ணைத் துப்பும், அதை அட்டவணையில் போட்டுவிடுபவர்களும் உண்டு.

இன்னும் பின்னால் போனால் நிலைமை மோசம். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் பீட்டலூ படுகையின் வெல்கெரி ஷேல் சுமார் 140 கோடி ஆண்டு பழையது. மரம் இல்லை, கிராப்டோலைட் இல்லை, கோனோடான்ட் இல்லை. பாக்டீரியாவும் பாசியும்தான் அன்றைய உயிர்கள். பிட்டுமனும், லேசர் ஒளியை வைத்துக் கார்பனின் ஒழுங்கைப் பார்க்கும் ராமன் நிறமாலையும்தான் அங்கே கை கொடுக்கின்றன. இத்தனைக்கும் அங்கே வாயு கிடைக்கிறது, 2016-ல் அமுங்கீ என்ற கிணற்றில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். வயது அதிகமானால் கண்டிப்பாகக் கருகியிருக்கும் என்று பயப்படத் தேவையில்லை என்பதற்கு வெல்கெரி சாட்சி. அது ரொம்ப ஆழத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

சிச்சுவானுக்குத் திரும்புவோம்

2012 நவம்பர் இறுதியில் ஃபூலிங்கில் ஜியாவ்யே-1 கிணறு ஒரு நாளைக்கு 2 லட்சம் கன மீட்டருக்கு மேல் வாயு தந்தது. சீனாவின் ஷேல் தொழில் நிஜமாகத் தொடங்கியது அன்றுதான். வாயுவில் சுமார் 98% மீத்தேன். சமஅளவுப் பிரதிபலிப்பு 2-லிருந்து 3.5%-க்குள், அதாவது நல்ல உலர் வாயுப் பதம். அதைவிட முக்கியம், பாறைக்குள் அழுத்தம் சாதாரண நீரழுத்தத்தைப் போல சுமார் ஒன்றரை மடங்கு. வாயுவை மேலே அடைத்து நிற்கும் பாறை மூடி திறக்கவே இல்லை என்பதற்கு அது அடையாளம்.

கீழே உள்ள சியோங்ஜுசியில் பல இடங்களில் அளவு 3.5%-ஐத் தாண்டிவிட்டது, சில இடங்களில் 4-க்கும் மேல். அங்கே நடப்பது இதுதான்:

1. கெரோஜனில் ஹைட்ரஜன் தீர்ந்து போகிறது. புதிதாக வாயு உருவாக வழியில்லை.
2. கரிமப்பொருளில் இருந்த பொந்துகள் அழுத்தத்தில் நசுங்கிச் சுருங்குகின்றன. வாயு தங்க இடம் குறைகிறது.
3. கார்பன் கிராஃபைட் போல ஒழுங்கடைவதால் மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கிறது. கிணற்றில் இறக்கும் மின்தடைக் கருவி, தண்ணீர் நிறைந்த பாறை போலக் குறைந்த எண்ணைக் காட்டுகிறது. பழக்கமில்லாதவர்கள் இதில் ஏமாந்து போவார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் கருகலின் தலையில் போட்டுவிடக் கூடாது. இந்த அடுக்கின் அடியில் பழைய அரிப்புப் பரப்பு (ஒரு காலத்தில் அரித்துப்போன பழைய நிலமட்டம்) ஒன்று இருக்கிறது, பிளவுகளும் சேர்ந்துகொண்டால் வாயு கசிய அது நல்ல வழி. நைட்ரஜன் தூக்கலாக வந்த கிணறுகளில் இந்தக் கசிவுக்கும் பங்கு இருந்திருக்கும். இன்னொரு பக்கம், இதே அடுக்கில் சிச்சுவானின் சில பகுதிகளில் சமீப ஆண்டுகளில் நல்ல கிணறுகள் அமைந்திருக்கின்றன. பழங்காலத்தில் நிலம் மேடாக இருந்து, ஷேல் அவ்வளவு ஆழம் போகாமல் தப்பித்த பகுதிகள் அவை. ஆக 'கேம்பிரியன் ஷேல் தேறாது' என்று மொத்தமாக எழுதித் தள்ளியதும் தப்புதான்.

ஸ்வீடனும் மிச்சிகனும்: விதிக்கு வெளியே இரண்டு

ஸ்வீடனின் ஆலம் ஷேல் ஒரு விசித்திரம். கரிமச்சத்து சில இடங்களில் 20% வரை போகும், உலகத்தில் அபூர்வம். யுரேனியமும் கலந்திருக்கும். அதன் கதிர்வீச்சே கோடிக்கணக்கான ஆண்டுகளில் கெரோஜனைச் சிதைத்து, பதம் அளக்கும் எண்களையும் குழப்பிவிடுகிறது. நாட்டின் நடுப்பகுதியில் அது வேகாமல் கிடக்கிறது. அங்கே க்வார்ன்டார்ப் என்ற ஊரில் 1940-களிலிருந்து 1966 வரை ஷேலை வெட்டிச் சூடாக்கி எண்ணெய் எடுத்தார்கள். பூமிக்குள் மின்சூடேற்றிகளை இறக்கி, பாறையை இருந்த இடத்திலேயே வேகவைத்த முயற்சியும் அங்கே நடந்தது. இயற்கை செய்யாமல் விட்டதை மின்கட்டணம் கட்டிச் செய்தார்கள் என்று சொல்லலாம்.

தெற்கே ஸ்கோனே பகுதியில் அதே ஷேல் நன்றாக வெந்திருக்கிறது, 2%-ஐ ஒட்டிய பதம். ஷெல் என்ற எண்ணெய் நிறுவனம் அங்கே மூன்று கிணறுகள் போட்டுப் பார்த்துவிட்டு 2011-ல் கிளம்பிவிட்டது. பாறையில் வாயு மிகக் குறைவு. வேக்காட்டில் குறை இல்லை, ஆனால் வேகி முடித்தே பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன்பின் நிலம் உயர்ந்து, பிளந்து, வாயு போய்விட்டது. சோறு வெந்ததும் இறக்கி மூடி வைக்காவிட்டால் ஆறிப்போகும், அந்தக் கதை.

மிச்சிகன் மாநிலத்தின் ஆன்ட்ரிம் ஷேல் இதற்கு நேர் எதிர். பதம் 0.6%-க்கும் கீழே, கணக்குப்படி வாயுவே வரக்கூடாது. ஆனால் ஆயிரக்கணக்கான கிணறுகளில் வருகிறது. காரணம் சூடு அல்ல, நுண்ணுயிர்கள். மேலிருந்து இறங்கிய நல்ல தண்ணீரோடு பாறைப் பிளவுகளுக்குள் போன நுண்ணுயிர்கள் கரிமப்பொருளைத் தின்று மீத்தேன் விடுகின்றன. மீத்தேனின் கார்பன் ஐசோடோப்பை (எடையில் வேறுபடும் கார்பன் அணுக்களின் விகிதத்தை) அளந்தால் இது வெப்பத்தில் வந்ததா, நுண்ணுயிர் செய்ததா என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

இந்தியக் கணக்கில் காவிரிப் படுகை எங்கே வருகிறது?

அதே 2013 பட்டியலில் இந்தியாவுக்கும் இடம் இருந்தது: காம்பே, கிருஷ்ணா - கோதாவரி, காவிரி, தாமோதர் ஆகிய நான்கு படுகைகளில் பாறைக்குள் 584 டிரில்லியன் கன அடி, எடுக்கக்கூடியது 96. முதல் எண்ணை மட்டும் எடுத்துத் தலைப்பாக்கினால் ஆறு மடங்கு பெரிதாகத் தெரியும்.

காவிரியில் பேசப்படுவது ஆண்டிமடம், சாத்தப்பாடி என்று பெயரிடப்பட்ட கிரெட்டேசியஸ் கால (டைனோசர்களின் கடைசிக் காலம்) அடுக்குகள். மன்னார்குடிப் பக்கம் பேசப்பட்ட நிலக்கரிப் படுகை மீத்தேன் வேறு, இது வேறு. அது நிலக்கரியில் ஒட்டியிருக்கும் வாயு, இது அதற்கும் ஆழத்தில் உள்ள ஷேலில் இருப்பது. கிரெட்டேசியஸ் காலத்தில் காடுகள் தாராளமாக இருந்ததால் இங்கே விட்ரினைட் கிடைக்கும், வெப்பமானிக்குப் பஞ்சமில்லை.

சிக்கல் வேறு இடத்தில். இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்தபோது நிலம் பிளந்து உருவான படுகை இது. அடியில் சமதளம் கிடையாது. அரியலூர் - புதுச்சேரி, தஞ்சாவூர் - தரங்கம்பாடி என்று பள்ளங்கள், நடுவில் புதைந்த மேடுகள். பள்ளத்தின் நடுவே ஷேல் வாயுப் பதத்தை எட்டியிருக்கலாம், சில கிலோமீட்டர் தள்ளி மேட்டின் மேல் அதே ஷேல் அரைவேக்காடாக நின்றிருக்கும், அல்லது படியாமலே போயிருக்கும். ஒரு கிணற்றில் எடுத்த அளவை வைத்துப் பக்கத்துப் பள்ளத்துக்குக் கணக்குப் போட முடியாது. படுகை முழுவதுக்கும் சராசரிப் பதம் என்று ஒரே ஓர் எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணுக்குப் பொருந்தும் நிலம் உண்மையில் கொஞ்சமாகத்தான் இருக்கும்.